மாமனும் தந்தையும்: வழக்குரைத்த படலத்தில் மகன்மை

பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தின் 39-ஆம் படலம் 'மாமனாக வந்து வழக்குரைத்த படலம்' என்பதாகும். கூடற் காண்டத்தில் அமைந்த இப்படலத்தை, அடியார்க்கு எளியனாய் இறைவன் இறங்கிவரும் அருட்செயல்களுள் ஒன்றாகவே உரையாளரும் சொற்பொழிவாளரும் கண்டு வந்துள்ளனர். அவ்வாறு காண்பது முறையே. ஆயினும், முதுகலை வகுப்பில் இதனைப் பாடம் சொல்லிய ஓராண்டில் மாணவி ஒருத்தி எழுப்பிய வினா, இப்படலத்தை வேறொரு நோக்கிற் பயிலுமாறு என்னைத் தூண்டிற்று. தனபதி அப்பிள்ளையைத் தன் மகனாகக் கொண்டுவிட்டான் எனின் அவன் அப்பிள்ளைக்குத் தந்தையல்லனோ, அங்ஙனமாக இறைவன் 'தந்தையாக வந்து' வழக்குரைத்தான் என்னாமல் 'மாமனாக வந்து' வழக்குரைத்தான் என்று படலத்துக்குப் பெயரிட்டது ஏன் என்று அவள் கேட்டாள். அன்று யான் தந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவ்வினாவிற்குக் காலந்தாழ்ந்து இறுக்கும் விடையாகும்.

கதையைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வோம். மதுரையில் தனபதி என்னும் வணிகன் வாழ்ந்தான். அவன் மனைவி சுசீலை. மகப்பேறு இன்மையால் அவன் தன் உடன்பிறந்தாள் மகனை மகவாகக் கொண்டான். ஒருநாள் உடன்பிறந்தார் இருவர்க்கும் பூசல் விளைந்தது. பிள்ளையற்ற உனக்கு இம்மையும் மறுமையும் என் பிள்ளையாலன்றோ வாய்ப்பன என்னும் கருத்துப்பட அவள் அவனை இழித்துரைத்தாள். நாணமுற்ற தனபதி, மறுபிறப்பிலேனும் மகப்பேறு எய்துவேன் எனத் துணிந்து, செல்வம் அனைத்தையும் மருமகனுக்கே உரிமையாக்கிவிட்டு மனைவியோடு தவஞ்செய்யக் காடு சென்றான். நெடுங்காலம் அவன் மீளாமை கண்ட தாயத்தார் சிறுவனின் நிலமும் மனையும் பொருளும் கவர்ந்து கொண்டனர். களைகண் இல்லாத தாய் மகனொடு திருக்கோயிலை அடைந்து முறையிட்டாள். இறைவன் கனவில் தோன்றி, விடிந்ததும் தாயத்தாரை அறங்கூறவையத்து நிறுத்துக, யாம் வந்து வழக்குரைத்துத் தருவோம் என்றருளினான். அவ்வாறே அவள் சென்று மறிக்க, தாயத்தார் அவளை வைது அடித்து அகன்றனர். அவள் அவையத்தில் முறையிட, அறங்கூறுவோர் ஏவலரைப் போக்கி அவர்களைக் கொணர்வித்தனர். அந்நிலையில் தனபதியின் வடிவோடு இறைவன் வந்து வழக்குரைத்து, பொருளை மீட்டுச் சிறுவனுக்கு ஆவணமும் செய்வித்து மறைந்தான்.

இக்கதையில் திருப்பம் விளைவிப்பது தாயத்தாரின் பேராசை என்றே பலரும் சொல்வர். அதற்கு முன்னர் நிகழ்ந்த பூசலை அவர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர். உண்மையில் கதை முழுதும் அப்பூசலில் அடங்கியுள்ளது. உடன்பிறந்தாள் சொன்ன சுடுசொல்லின் உயிர்நிலை 'என் பிள்ளை' என்பதே. அவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பின்னரும் அவன் அவள் பிள்ளையாகவே இருக்கின்றான். தனபதியோ, கொண்டமையால் அவன் தன் பிள்ளையாயினான் என்று நம்பியிருந்தான். 'கொடுத்தல்' என்னும் ஒரு சொல்லை இருவரும் இருவேறு பொருளிற் கொண்டிருந்தனர் என்பது அப்பூசலில் வெளிப்பட்டுவிட்டது. ஈதன்றி வேறு காரணம் எதுவும் அவனைக் காட்டுக்கு அனுப்பவில்லை. மறுபிறப்பில் மகப்பேறு வேண்டும் என்று அவன் கருதியதே, மகன்மை கொண்ட பிள்ளையைத் தன் மகனாக அவன் உள்ளம் அதன்பின் ஏற்கவில்லை என்பதற்குச் சான்றாகும். எனினும் பொருளை மட்டும் மீட்டுக்கொள்ளாது அவனுக்கே வைத்துச் சென்றான். மனத்தால் மகனென்று கொள்ளவியலாத ஒருவனுக்குப் பொருளால் மகனுரிமை தந்து அகலும் இவ்விடத்தில் பரஞ்சோதியாரின் மாந்தரியல் அறிவு நன்கு விளங்குகின்றது.

இனி, படலத்தின் பெயருக்கு வருவோம். புலவர் 'மாமன்' என்றும் 'மருமகன்' என்றும் வழங்குவது சொற்சோர்வு அன்று. வடமொழி அறநூல்கள் கூறும் தத்தம் என்பது பிறந்த குடியினின்று ஒருவனைப் பிரித்துப் புகுந்த குடியில் நடுவதாகும். பிரிந்தவன் பிறந்த தந்தைக்குப் பிண்டம் இடும் உரிமையும் அவன் பொருளைப் பெறும் உரிமையும் இழப்பான். இருவர்க்கும் மகனாக நிற்பவனை அந்நூல்கள் 'துவியாமுஷ்யாயணன்' எனத் தனியே பெயரிட்டு, அதற்குத் தனி உடன்பாடு வேண்டும் என்கின்றன. தமிழ்க் காப்பியங்களிற் காணும் மகன்மையோ பெரும்பாலும் அத்தகைய நீக்கமாக இல்லை. ஓர் உறவின்மேல் மற்றோர் உறவு வந்து கூடுவதாகவே உள்ளது. இதற்குச் சேக்கிழார் தரும் சான்று மிக வலிது. தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய நம்பியாரூரரை நரசிங்கமுனையரையர் பெற்றோரிடம் வேண்டிப் பெற்று 'மகன்மை' கொண்டார். அரசர் வீட்டிலே வளர்ந்தும் ஆரூரர் அந்தணர் மரபின் ஒழுக்கத்தினின்று வழுவவில்லை. மணப்பருவம் வந்தபோது புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரிடம் மகட்கொடை பேசப் பெரியோரை விடுத்தவர் பெற்ற தந்தையாராகிய சடையனாரே. வளர்த்த மன்னர் அல்லர். மகனைக் கொடுத்தவர் மகனின் திருமணத்தை நடத்தும் உரிமையைக் கொடுக்கவில்லை. புதுவைக்கு மேற்கே திருமுனைப்பாடி நாட்டில் நிகழ்ந்த இம்மகன்மையும் மதுரை வணிகன் கொண்ட மகன்மையும் ஒரே இயல்பின. மகனானபின்னும் மருமகன் மருமகனாகவே இருந்தான் என்பதனாலேதான் மாமன் மாமனாகவே வந்தான்.

இங்கே ஒரு தடை எழலாம். உடன்பிறந்தாள் மகனைத் தத்தம் கொள்ளலாமோ என்பதே அது. மணக்கத்தகாத ஒருத்தியின் மகனை மகனாகக் கொள்ளலாகாது என்னும் கருத்துப்பற்றி, உடன்பிறந்தாள் மகனையும் மகள் மகனையும் இருபிறப்பாளர் தத்தம் கொள்ளுதலைச் சௌனகர் பெயரால் வழங்கும் விதி விலக்குகின்றது. காசியில் வாழ்ந்த நந்த பண்டிதரின் தத்தக மீமாம்சை அதனை வலியுறுத்துகின்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் பிரிவி கவுன்சில் 1899-இல் அவ்விலக்கை ஏற்றுத் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முன்னரே, 1880-களில், தென்னாட்டு அந்தணரிடையே அத்தகைய தத்தம் வழக்கத்தால் நிலைபெற்றது எனச் சென்னை உயர்நீதிமன்றம் கண்டிருந்தது. தனபதி வணிகன், நூல்வழிப் பார்ப்பின் தாயத்தார் கையில் இருந்த கூரிய படைக்கலம் இதுவே. அவர்கள் அதனை எடுக்கவில்லை. அப்பிள்ளை தத்தமாகான் என்று அவர்கள் வாதிட்டதாகப் புலவர் பாடவில்லை. வந்தவன் தனபதியல்லன் என்று ஐயுறுவதே அவர்கள் வாதம்.

வடமொழிப் பயிற்சியும் புராண மரபும் கைவந்த பரஞ்சோதியார் இவ்விலக்கை அறியாதிருந்தார் என்று கொள்ளுதல் அரிது. மாமன் மடியிற் பிள்ளையை இருத்திக் காதுகுத்தும் நாட்டில், மருமகன் என்னும் ஒரே சொல் உடன்பிறந்தாள் மகனையும் மகளின் கணவனையும் சுட்டும் மொழியில், அவ்விலக்கு அவையோர்க்கு வேற்றொலியாகவே பட்டிருக்கும். ஆதலின் புலவர் அதனை வாதமாகக் கூட எழுப்பவில்லை என்பதே என் துணிபு. இதற்கு மறுதலையான நிலையை நாஞ்சில் நாட்டிற் காண்கிறோம். அங்கே மருமக்கள் வழியால் மாமன் பொருள் உடன்பிறந்தாள் மகனுக்கே செல்ல, மனைவியும் மக்களும் தெருவில் நின்றனர். கவிமணியின் 'மருமக்கள் வழி மான்மியம்' அத்துயரைப் பாடுகின்றது; அந்நிலை மாறச் சட்டம் பிறந்தது 1926-இல். ஆகவே மருமகன் எங்கும் இரங்கத்தக்கவன் என்று யாரும் மயங்கவேண்டா.

புதுவையில் இருந்துகொண்டு இப்படலத்தைப் பயில்வோர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. மகன்மை பற்றிய இருவேறு சட்ட மரபுகள் இவ்வூரில் அருகருகே வாழ்ந்தன. 1819-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுதிகளை இங்கே நடைமுறைப்படுத்தியபோதே, இந்தியர்க்கு அவரவர் சட்டமும் வழக்கமும் பற்றியே நீதி வழங்கப்படும் என்று உறுதி கூறிற்று. அதற்கு முன் சாவடி வழக்குமன்றம் தமிழரின் குடும்ப வழக்குகளை அவர்தம் வழக்கம் கேட்டே தீர்த்து வந்தது. அதன் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகள் பிற்காலத்தில் பதிப்பிக்கப்பெற்றுள்ளன. 1827-இல் அமைந்த இந்தியச் சட்ட அறிவுரைக் குழுவிடம் நீதிமன்றங்கள் சாதி வழக்கம் பற்றி வினவி விடைபெற்றன. அவ்விடைகளைத் தொகுத்தும் புதுவை இந்துச் சட்டம் பற்றி நூலியற்றியும் லெயோன் சோர்க் என்னும் நீதிபதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உதவினார். அவ்வழக்கத்தின் ஒரு கூறு நம் படலத்துக்கு நேரே பொருந்துவது. புதுவை வழக்கப்படி தந்தை குடும்பப் பொருளுக்கு முழு உரிமையாளன். மகனுக்குப் பிறப்பால் வரும் பங்குரிமை இல்லை. மிதாட்சரம் வழங்கிய பிற தமிழ்ப் பகுதிகளில், பிரியாத குடும்பத்தின் முன்னோர் பொருளைத் தனபதி ஒருவனே கொடுக்க வல்லனோ என்று தாயத்தார் கேட்டிருக்கலாம். அப்பொருள் அவன் ஈட்டியதோ முன்னோர் வைத்ததோ என்பதைப் படலம் சொல்லவில்லை. புதுவை மன்றில் அவ்வினாவிற்கு வலிமை குறைந்தே இருந்திருக்கும்.

1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையால், தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை மேற்கொள்ளும் உரிமை இந்தியர்க்குக் கிடைத்தது. அங்ஙனம் துறந்தோரை ரெனோன்சான்கள் என்பர். அவர்கள் ஏற்ற சட்டத்தில் மகன்மை எவ்வாறிருந்தது என்று காண்பது இப்படலத்தை உணரப் பெரிதும் துணைசெய்கின்றது. 1804-ஆம் ஆண்டு நெப்போலியன் தொகுதிப்படி, ஐம்பது வயது கடந்த பிள்ளையற்ற ஒருவரே மகன்மை கொள்ளலாம். கொள்ளப்படுபவர் வயது நிரம்பியவராதல் வேண்டும். அவருடைய இளமையில் ஆறாண்டேனும் வளர்த்திருத்தல் வேண்டும். சிறுவரையும் மகன்மை கொள்ள இடந்தந்தது 1923-ஆம் ஆண்டுச் சட்டமே. மகவாகப் போகிறவனே வயது வந்தபின் உடன்பட வேண்டும் என்பது நம் மரபுக்கு வியப்பாகத் தோன்றும். நம் நூல்களிலோ கொடுப்பவரும் கொள்பவரும் பேசுவர், பிள்ளை பேசான். அதனினும் வியப்பானது மற்றொன்று: மகன்மை கொள்ளப்பட்டவன் தன் பிறந்த குடும்பத்திலேயே இருந்து, அங்குள்ள உரிமைகள் யாவும் உடையவனாவான் என்று அத்தொகுதி விதித்தது. நரசிங்கமுனையரையர் மனையில் வளர்ந்த ஆரூரர்க்குச் சடையனார் மணம் பேசுவதை மனுவைவிட நெப்போலியன் எளிதில் விளங்கிக்கொண்டிருப்பான் என்று வகுப்பில் சொன்னால் மாணவர் நகைக்கின்றனர். நகைப்புக்கு இடையேயும் அஃது உண்மை.

அத்தொகுதியில் இன்னொரு நிறுவனமும் உண்டு. தந்தையோ தாயோ இறந்த சிறுவர்க்குக் காப்பாளரை அமர்த்தவும் அவரைக் கண்காணிக்கவும் குடும்பப் பேரவை ஒன்று கூடும். அமைதி நீதிபதி தலைமையில் உறவினர் அறுவர் அதில் இருப்பர். அவருள் மூவர் தந்தைவழியினர், மூவர் தாய்வழியினர். சிறுவன் பொருளின்மேல் தந்தைவழியினர்க்கு உள்ள வேட்கையைத் தாய்வழியினர் தடுத்து நிற்பர் என்பது அவ்வமைப்பின் கருத்துப் போலும். பரஞ்சோதியாரின் படலத்திலும் அதே இருபால் அணிவகுப்புத்தான்: ஒருபுறம் பொருளைக் கவரும் தாயத்தார், மறுபுறம் தாயும் தாயின் உடன்பிறந்தானும். தாயத்தார்க்கு மன்றில் இடம் உண்டு. தாய்வழியினர்க்கு ஒருவன் வேண்டியிருந்தது. அவ்விடத்தை நிரப்பவே இறைவன் வந்தான். மாமனாக அன்றி வேறு யாராகவும் அவன் வந்திருக்க இயலாது.

இனி, அவையத்துக் காட்சி. இதனைப் புலவர் மிக்க பரிவோடு விரித்துள்ளார். வந்த முதியவன் அரசன் இல்லையோ, அறங்கூறுவோர் இல்லையோ என்று ஓலமிடுகின்றான். பிள்ளையைத் தழுவி அழுகின்றான். அழும்போது அவன் சொல்வன வெற்றுப் புலம்பல் அல்ல. மார்பில் ஐம்படைத்தாலி காணோம், மதாணி காணோம், நெற்றியிற் சுட்டி காணோம், காதிற் குழை காணோம் என்று உறுப்புதோறும் இழந்த அணியை எண்ணிச் செல்கின்றான். பிள்ளைத்தமிழ் மரபில் அணிந்த நிலையில் வரும் அணிகள் இங்கே அணியாத நிலையில் வருகின்றன. அவலச்சுவை அதனால் மிகுகின்றது. அவ்வளவில் நின்றுவிடுவது குறையாய்வாகும். அறங்கூறவையத்தில் நின்று சொல்லப்படும்போது அப்புலம்பல் கவரப்பட்ட பொருளின் பட்டியலும் ஆகின்றது. காப்பாளர் பொறுப்பேற்றவுடன் சிறுவனின் உடைமைகளுக்குப் பட்டியல் எழுதவேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். பரஞ்சோதியாரின் மாமன் அப்பட்டியலைப் பிள்ளையின் மேனியையே ஏடாகக் கொண்டு படிக்கின்றான். சட்டமும் பாட்டும் இங்ஙனம் ஒரே தொடரில் இயைந்து நிற்கும் இடம் தமிழில் அரிது.

ஆயினும் சான்று என்னும் வகையில் படலம் ஓர் இக்கட்டில் நம்மை நிறுத்துகின்றது. தாயத்தார் ஐயுறவே, வந்தவன் அவர்களுடைய குடி, பெயர், முன்னோர், செயல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றான். இவன் தனபதியே என்று அறங்கூறுவோர் தெளிகின்றனர். தடுத்தாட்கொண்ட புராணத்தில் இதே இறைவன் வழக்காடியபோது ஓலையும், பாட்டனின் கையெழுத்தை ஒப்புநோக்கும் முறையும் சான்றாயின. இங்கே நினைவு ஒன்றே சான்று. 1560-இல் துலூஸ் நகரத்து மன்றில் நிகழ்ந்த மார்த்தேன் கேர் வழக்கை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலவில்லை. ஊரைவிட்டு அகன்ற ஒருவனின் பெயரில் வந்து வாழ்ந்தவன், குடும்பச் செய்திகள் அனைத்தையும் வழுவின்றி உரைத்து நீதிபதிகளை ஏறத்தாழ நம்பவைத்தான். மெய்யான கணவன் மரக்காலோடு மன்றினுள் நுழைந்தபின்னரே பொய் வெளியாயிற்று. அவ்வழக்கைத் தொடுத்தவன் தந்தைவழிச் சிற்றப்பன். பொருட்கணக்குக் கேட்டதால் விளைந்த பகையே அதற்கு ஒரு காரணம். நம் படலத்திலும் நினைவு வழுவாதவன் மெய்யான தனபதி அல்லன். கூர்ந்து நோக்கின், தாயத்தார் சொன்ன ஒரே வாதம் உண்மையானது. அவையம் அதனைத் தள்ளிற்று. இறைவன் செயல் என்பதால் நாம் அதனைப் பொய்யென்று சொல்வதில்லை, புலவரும் சொல்லவிடவில்லை. ஆனால் உண்மையான உரிமையைக் காக்க உண்மையல்லாத சான்று வேண்டியிருந்தது என்னும் முரணைப் படலம் மறைக்கவும் இல்லை.

ஏன் வேண்டியிருந்தது? தாயின் சொல் போதாமையாலேயே. அவள் அவையம் ஏறினாள், முறையிட்டாள், தாயத்தாரை அழைப்பிக்கும் அளவுக்கு அவள் குரல் செல்லுபடியாயிற்று. அதற்கு மேல் வழக்கை அவள் நடத்தவில்லை. கண்ணகி தன் வழக்கைத் தானே உரைத்த மதுரையில், இத்தாய்க்கு ஓர் ஆண்மகன் வரவேண்டியிருந்தது. புலவரின் இரக்கம் முழுதும் அவள்பால் உள்ளது. அவர் கண்ட நீதிமுறை அவளுக்கு வாய் தரவில்லை. இதனைப் படலத்தின் குறையாக யான் கூறுகிறேன்.

இற்றைச் சட்டம் அவளை எங்கே நிறுத்தும்? 1956-ஆம் ஆண்டு இந்து சுவீகார, பராமரிப்புச் சட்டம் சுவீகாரம் நிகழ்ந்த நாள்முதல் பிறந்த குடும்பத்தோடு உள்ள கட்டுகள் அனைத்தும் அறுந்தன என்கின்றது. மணவிலக்கு உறவு மட்டுமே எஞ்சும். அதன்படி பெற்றவள் தன் பிள்ளைக்குச் சட்டத்தின் கண்ணில் அயலாள். அதே ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டம் சுவீகாரப் பிள்ளையின் இயற்கைக் காப்புரிமையைச் சுவீகாரத் தந்தைக்கும் அவனுக்குப்பின் சுவீகாரத் தாய்க்கும் தருகின்றது. இருவரும் காடு சென்றுவிட்டனரே எனின், அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு அதனையும் நினைந்துள்ளது. உலகை முற்றும் இறுதியாகவும் துறந்து வானப்பிரத்தனோ சந்நியாசியோ ஆனவன் இயற்கைக் காப்பாளன் ஆகான் என்று அது விதிக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் நாடாளுமன்றம் காடு செல்வோரை நினைவிற் கொண்டு சட்டம் இயற்றியது என்பதைப் புராணம் பயில்வோர் அறிந்துகொள்வது நன்று. அதே சட்டம் 1963-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் புதுவைக்கு நீட்டப்பெற்றபோது, ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்னும் விதியும் உடன் சேர்க்கப்பட்டது. ஆக, இவ்வூரில் அச்சட்டத்தின் வாயிலில் இருவகைத் துறந்தோர் நிற்கின்றனர்: உலகைத் துறந்தவர் ஒருவர், தனிச்சட்டத்தைத் துறந்தவர் மற்றொருவர்.

தாய்க்கு வழியே இல்லை என்றும் சொல்லவியலாது. சிறுவனின் நலனே தலையாயது என்பது அச்சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு; அதுபற்றி 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் அவளையே காப்பாளராக அமர்த்தலாம். தந்தைக்குப் 'பின்' தாய் என்றிருந்த சொல்லுக்கு, அவன் இறந்தபின் என்பது மட்டுமன்றி அவன் இல்லாதபோது என்பதும் பொருள் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைகண்டது. பிள்ளையைக் கொடுப்பதில் தாய்க்குத் தந்தையோடு ஒத்த உரிமை வந்தது 2010-இல். காப்பாளர் சட்டம் மற்றொன்றும் சொல்கின்றது: தேர்ந்து சொல்லும் அறிவு சிறுவனுக்கு உண்டாயின் அவன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். பரஞ்சோதியாரின் அவையத்தில் மாமன் பேசுகின்றான், தாயத்தார் பேசுகின்றனர், அறங்கூறுவோர் பேசுகின்றனர். பிள்ளையின் மேனி பேசுகின்றது, பிள்ளை பேசவில்லை.

தாயத்தார் தண்டத்துக்கு அஞ்சி நழுவிய பின், ஆவணம் எழுதப்பட்டு, மாமன் மறைந்த பின், அரசன் சுந்தரேசபாத சேகரன் சிறுவனைச் சிறப்பித்துக் கோயிற்பணி செய்கின்றான். காட்டில் உள்ள தனபதியைப் படலம் மீண்டும் நினைப்பதில்லை. அவன் மேற்கொண்டது வேண்டும் ஒன்றைக் குறித்த தவம். மனைவியும் உடன் சென்றாள். அது முற்றும் இறுதியுமான துறவாகுமோ என்பது வாதத்துக்கு உரியது. அவன் திரும்பி வந்திருப்பின், தான் சென்றிராத அவையத்தில் தான் கூறியதாகப் பதிவான சான்றையும், அதன்மேல் எழுதப்பட்ட ஆவணத்தையும், தன் மருமகன் கையிற் கண்டிருப்பான்.